பிற்பகல் வகுப்பு

கைபேசி மூன்றாவது முறையாகச் சரிந்தது. மொழிபெயர்க்கும் பெண் ரோஹிணி அதை நிமிர்த்தி, இரண்டு பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே செருகி, சவப்பெட்டி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். திரையில், ஆக்லாந்திலிருந்து ஷீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"இப்ப அப்பா தெரியுதாங்க. டை கோணலா இருக்கும்மா."

பியூலா பெட்டிக்குள் கைவிட்டுக் கணவரின் டையைச் சரிசெய்தாள். அருமைநாயகம் உயிரோடு இருந்தவரை அது ஒருநாளும் நேராக நின்றதில்லை. "இன்னைக்காவது அசையாம இருக்காங்களே" என்றாள். அழுகையின் நடுவே ஷீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருக்கலாம்லா?"

"உங்கப்பா சொன்னது உனக்கே தெரியும். விழுந்த இடத்துல புதைங்க, பார்சல் பண்ணாதீங்கன்னு. தபால் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம் இருந்தவங்க. பார்சல் எப்படிப் போய்ச் சேரும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். "அம்மா, ஏன் ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கமா உக்காந்திருக்காங்க? கல்கத்தாவுல அப்படித்தானா?"

பியூலா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ஜாதவ்பூரின் அந்தச் சிறிய தேவாலயத்தில் நாற்பது தம்பதிகள் வந்திருந்தார்கள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். சனிக்கிழமை காலை அவளும் அருமைநாயகமும் சொல்லி உட்காரவைத்த அதே வரிசை. சிலர் கையில் மடித்த காகிதச் சீட்டுக்கூட இருந்தது.

பிற்பகல் வகுப்பு நடக்கவே இல்லை.

இருபத்திரண்டு வருடங்களாக இருவரும் ஊர் ஊராக, சபை சபையாகப் போய்த் தம்பதிகளுக்கு மூன்று நாள் கருத்தரங்கு நடத்திவந்தார்கள். முதல் இரண்டு நாள் பாடம். சபை நடத்துவது, குடும்பம் நடத்துவது, இரண்டிலும் தலைவனாக இருப்பது. 'முதலில் மன்னிப்புக் கேட்கிறவன்தான் தலைவன்' என்பது அருமைநாயகத்தின் பேர்போன வாக்கியம். மூன்றாம் நாள் காலை, யாரும் எதிர்பாராத நேரத்தில், இருவரும் மேடையிலேயே சண்டை போடுவார்கள். அவர் அவளைக் கேட்காமல் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார் என்பதுதான் சண்டை. கூட்டம் திகைத்துப்போகும். உடனே ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, ஆளுக்கொரு மனக்குறையைச் சீட்டில் எழுதித் துணைவரிடம் கொடுக்கச் சொல்வார்கள். பிற்பகல்வரை சேர்ந்து உட்காரவோ அதைப் பற்றிப் பேசவோ கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு, பிற்பகல் வகுப்பில்தான், சண்டை நாடகம் என்பது தெரியவரும். அருமைநாயகம் முதலில் மன்னிப்புக் கேட்பார். பியூலா தலையசைப்பாள். அவள் வேலை அவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமை அவர் சாப்பாட்டு இடைவேளையில், மின்விசிறிக்கு அடியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

ஆகவே இந்த நாற்பது தம்பதிகளைப் பொறுத்தவரை, அவர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுச் செத்தவர்.

மொழிபெயர்ப்பாளர் பிஸ்வாஸ் ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். மேடையில் அருமைநாயகம் பேசுவதை வங்காளத்தில் சொல்வது அவர் வேலை. பியூலா பேசுவதைச் சொல்வது ரோஹிணியின் வேலை. பிஸ்வாஸ் வேலூர் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் இருந்தவர். தமிழை அங்கேதான் பிடித்தார்.

"பிஸ்வாஸ் தம்பி, சண்டை நாடகம்னு இவங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"இன்னாம்மா சொல்றது? உங்களைக் கேக்காம நான் எப்டிச் சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கெழமைலருந்து எங்க வூட்லயே சோறு மட்டும் கீது, பேச்சு இல்ல. மிதாலி சீட்டுல எழுதிக் குடுத்தா. படிச்சேன். பேசக் கூடாதுன்னு சார் சொன்னாரு. நானும் பேசல."

"என்ன எழுதியிருக்கா?"

"பதினோரு வருசமா என் அம்மாவோட மீன் கொழம்பைப் பத்தியே பேசறேனாம்."

பியூலா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, வலப்பக்கத்தில் நாலைந்து பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"நாடகம்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார் பிஸ்வாஸ். "எல்லாம் வூட்டுக்குப் போயி நிம்மதியா சாப்பிடும்."

அதுதான் அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலைத் தேநீரின்போது, கானிங் என்ற ஊர்ப் பக்கம் இன்னும் ஒரு வாரம் கூட்டம் நடத்துகிறோம் என்று அருமைநாயகம் அங்கிருந்து வந்த போதகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மறுநாள் மேடையில், பத்துப் பேர் சாப்பாட்டுக்காகத் தொடங்கிய சண்டை எங்கோ தடம் மாறி, "இனி உங்ககூட எந்த ஊருக்கும் வரமாட்டேன்" என்று முடிந்தது. அந்த வரி நாடகத் தாளில் இல்லை. அவர் பதிலுக்குச் சத்தம்போட வேண்டிய இடம் அது. போடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிஸ்வாஸ் மொழிபெயர்க்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அப்புறம் சீட்டு எழுதவைத்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

"சாப்பிடும்போது எப்படி இருந்தாங்க?" இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டாள். "நான் பொம்பளைங்க பந்தியில இருந்தேன்."

பிஸ்வாஸ் யோசித்தார். "மிஷ்டி தோய், அந்த இனிப்புத் தயிரு, ரெண்டு கலயம் துன்னாரும்மா. மூணாவது கேட்டாரு, தீந்துபோச்சு."

"சுகர் இருக்கிற மனுசன்!"

"அதத்தான் சொல்றேன். மனசு ஒடஞ்ச ஆளு மூணாவது கலயம் கேப்பானா?"

கேட்கலாம், என்று நினைத்தாள். அவள் கண் மறைந்தால் எந்த மனநிலையிலும் கேட்கக்கூடிய ஆள்தான்.

போதகர் ஜெபித்தார். ஒரு பாட்டு வங்காளத்தில், ஒரு பாட்டு தமிழில். அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் பதினொன்றரை மணி கொடுத்திருந்தார்கள். பெட்டி தூக்க ஆறு பேர் ஆண்கள் பக்கத்தின் முன்வரிசையில் தயாராக இருந்தார்கள். பியூலா எழுந்து, பெட்டிக்கு வலப்புறம், மேடையில் தான் எப்போதும் நிற்கும் பக்கத்தில் போய் நின்றாள். ரோஹிணி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். கேட்காமலே பிஸ்வாஸும் ஒலிவாங்கியோடு மறுபக்கம் போய் நின்றார்.

"சனிக்கிழமை நீங்க பாத்த சண்டை நாடகம்" என்றாள் பியூலா.

ரோஹிணி வங்காளத்தில் சொன்னாள். அறை முழுவதும் ஒரு பெருமூச்சு போயிற்று. யாரோ ஒரு பெரியவர் சத்தமாகவே கர்த்தருக்கு நன்றி சொன்னார். பிஸ்வாஸ், போதும் என்பதுபோலத் தலையாட்டினார்.

"முக்கால்வாசி" என்றாள் பியூலா.

ரோஹிணி திரும்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி?"

"அதையும் சொல்லு."

ரோஹிணி சொன்னாள். பெருமூச்சு பாதியில் நின்றது.

"கடைசியா நான் சொன்னது நெசக் கோவம். இனி கூட வரமாட்டேன்னு சொன்னேன். அதுக்கு அவங்க பதில் சொல்லல. என்ன நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியாது." அவள் கூட்டத்தை விட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். குரல் வீட்டுக்குரலாக மாறியது. "இங்க பாருங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சிருங்க."

ரோஹிணி அதை வங்காளத்தில் சொல்லத் தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து, பியூலா சேர்த்துக்கொண்டாள்: "ஆனா கேக்காம வாக்குக் குடுத்ததும் தப்புதான். அதை நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

இதை ரோஹிணி சொன்னபோது பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கமும். கைபேசிக்குள்ளிருந்து ஷீபாவின் சிரிப்பும் கேட்டது.

மூன்று நாள் பழக்கத்தில், எல்லோரும் அருமைநாயகத்தின் பதிலுக்காக பிஸ்வாஸைப் பார்த்தார்கள். அவர் ஒலிவாங்கியை வாய்வரை கொண்டுபோனார். பெட்டியைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்துவிட்டு நேரே வலப்பக்கம் நடந்தார். மிதாலி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் வங்காளத்தில் ஏதோ சொல்ல, அவள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அப்புறம் பெஞ்சுகள் நகரும் சத்தம். நடைபாதையில் ஆண்கள் முட்டிமோதிக்கொண்டு மறுபக்கம் போனார்கள். சில பெண்கள் பொறுமையில்லாமல் எதிரே வந்தார்கள். தொப்பி போட்ட ஒரு கிழவர் பாதி வழியில் நின்று, மனைவி எந்த வரிசை என்று தெரியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரையும் காணவில்லை.

"ஆன்ட்டி, லேட் ஆகுது. போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள் ரோஹிணி.

"இருக்கட்டும். பேசி முடிக்கட்டும்."

காலியாகிவிட்ட ஆண்கள் பக்கத்துக்குப் போய், முன்பெஞ்சின் ஓரத்தில் பியூலா உட்கார்ந்தாள். ஒருகணம் கழித்து, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.