கடலுக்குப் போக முடியாத டாம்சின்

பாஸ்கோ வீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் டாம்சினுக்குப் பத்து வயதிலேயே கடற்பறவைகள்மேல் பைத்தியம். அதையே படித்து, அதையே வேலையாக்கிக்கொண்டு, வருடத்தில் பாதி நாள் டாஸ்மேனியாவுக்குத் தெற்கே தீவுகளில் கூடு எண்ணிக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஜோஸ்லின் பூக்கடையில் இருந்தாள், மழலையர் பள்ளியில் இருந்தாள், கல்யாணப் படமும் எடுத்துப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. நாற்பது வயதில், ஹோபார்ட் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் கருவிகளைக் கழுவி, கிருமி சாக நீராவிப் பெட்டியில் வைத்தெடுத்து அடுக்கும் வேலை.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் டாம்சின் தவறாமல் அந்தப் பேச்சை எடுப்பாள்.

"உனக்குன்னு ஒண்ணு எங்கேயோ இருக்கு ஜோஸ். நீதான் தேட மாட்டேங்கிற."

"தேடித் தேடிச் செருப்புதான் தேஞ்சுது. அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு."

சிரித்துச் சமாளித்தாலும் ஜோஸ்லினுக்கு உள்ளே தைக்கும். இந்த முறை, மட்பாண்டக் கலை படிக்க விண்ணப்பம் நிரப்பி, வேலையை விடும் கடிதத்தையும் எழுதி வைத்திருந்தாள்.

மார்ச்சில் டாம்சினுக்கு உள்காதில் நோய் கண்டது. எழுந்து நின்றால் தரை சுழன்றது. இனிப் படகில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் இடத்துக்கு வேறொருவர் வந்தார். தனியே இருக்க முடியாமல் அக்காள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

ஏழு வாரம் திரைச்சீலையை விலக்கவில்லை. அவளுக்கு இருந்த நண்பர்களெல்லாம் தீவு நண்பர்கள். அவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. ஜோஸ்லின் காலையில் வைத்துவிட்டுப் போகும் சூப், மாலையில் ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

ஒரு புதன்கிழமை ஜோஸ்லின், தான் வாராவாரம் போகும் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பும்போது, டாம்சின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பறவை இல்லேன்னா நான் யாருன்னே தெரியல ஜோஸ்."

"என் தங்கச்சி. காபி போடத் தெரியாதவ. வாங்கின புத்தகத்தைத் திருப்பித் தராதவ."

"விளையாடாதே. உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா? நிஜமாச் சொல்லு."

பதில் வேண்டுமென்று யாரும் இதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஜோஸ்லின் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"சில நாள் பிடிக்கும். சில நாள் சலிப்புதான். யாரோ ஒருத்தர் வாயில போற சாமான், அதுல தப்பு நடக்க விடமாட்டேன். அஞ்சு மணிக்குப் பூட்டிட்டு வந்தா அது என்கூட வீட்டுக்கு வராது. அப்புறம் பாட்டு இருக்கு, தோட்டம் இருக்கு, இப்போ நீ வேற வந்து உக்காந்திருக்கே."

சொல்லி முடித்த பிறகுதான், அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

"நான் எல்லாத்தையும் அங்கேயே கொட்டிட்டேன்டி," என்றாள் டாம்சின். "இங்கே ஒண்ணுமே வைக்கல."

அழுதாள். ஜோஸ்லின் அன்று பாட்டுக்குப் போகவில்லை. அந்த வெள்ளியோடு மட்பாண்டப் படிப்புக்கான விண்ணப்பக் கெடு முடிந்தது. நிரப்பி வைத்ததை அவள் அனுப்பவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

ஆகஸ்டில் டாம்சின் ஒரு நாற்றுப் பண்ணையில் வாரம் மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்தாள். உட்கார்ந்தபடியே தக்காளி நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றும் வேலை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஜோஸ்லின்.

"தக்காளி என்னைக் கண்டுக்கல. நானும் அதைக் கண்டுக்கல. சண்டையில்லாம போகுது."

செப்டம்பர் கடைசியில் வடக்கேயிருந்து, அவள் வருடாவருடம் கூடு எண்ணிய கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வந்தன. டாம்சின் மறுபடி படுத்துக்கொண்டாள். வேறொன்று கிடைக்கும் என்று ஜோஸ்லின் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாள். வாரம் முழுக்க அப்படியே போயிற்று. திங்கட்கிழமை காலையில் டாம்சின் எழுந்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பண்ணைக்குப் போகும் பஸ்ஸுக்குப் போனாள்.