மூன்று கேக் டின்கள்

தம்பியின் கையை எடுத்து மார்பின் மேல் வைத்தபோதுதான் அக்கா அதைப் பார்த்தாள். நகக்கண்களில் செம்பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. குனிந்து முகர்ந்தாள். துரு.

நெஞ்சு பலவீனம், இனி வேலையே கூடாது என்று டாக்டர் சொன்னதும் பேக்கரியை மூடிவிட்டு வீட்டோடு இருந்தவன். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து உயிரை விட்டுவிட்டார் என்று அவன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள். காபி குடித்தவன் கையில் துரு எப்படி வரும்?

கூடத்தில் அவளைக் காணோம். சாத்திய சமையலறைக்குள்ளிருந்து வறட் வறட்டென்று சத்தம் வந்தது.

அக்கா கதவைத் தள்ளினாள். வினிகர் நெடி மூக்கில் ஏறியது. தொட்டி முன்னால் நின்று, துருப்பிடித்த கேக் டின் ஒன்றைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி. கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"அவனை அங்க கிடத்திட்டு இங்க பாத்திரம் தேய்க்கிறியா?"

"காலையிலேர்ந்து ஊறுது அண்ணி. இன்னும் விட்டா தகரத்தையே அரிச்சிடும்."

"யாரு ஊறப்போட்டது?"

அவள் குழாயைத் திறந்தாள். பழுப்பு நீர் சுழன்று இறங்கியது.

"அவனை வேலை வாங்கியிருக்க. அதை மறைக்கத்தான் காபி கதையா?"

"அப்படியே வச்சுக்குங்க அண்ணி."

நாலு பேரைக் கூப்பிட்டு இங்கேயே கேட்டுவிட வேண்டும். திரும்பிய அக்கா சமையல் மேடையைப் பார்த்தாள். தேய்த்து முடித்த டின்கள் இரண்டு கவிழ்ந்திருந்தன. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம். பக்கத்தில் மாவு டப்பாவுக்கடியில் ஒரு காகிதம்.

"அதை எடுக்காதீங்க அண்ணி!" ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

அதற்குள் படித்தாகிவிட்டது. தம்பியின் கோணல் எழுத்து: 'அக்கா அறுபது. மூணு அடுக்கு. முட்டை வேண்டாம்.'

போன ஞாயிறு போனில் அக்காதான் அவனிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். "உன் கையால கேக் வராம எனக்கு அறுபதாவது பிறந்தநாளே கிடையாதுடா."

தம்பி மனைவி காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுபடி தொட்டிக்குப் போய்க் கடைசி டின்னைக் கழுவினாள்.

வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். "வண்டி வந்தாச்சு!"

"ஈரமா வச்சா திரும்பத் துரு பிடிச்சிடும் அண்ணி," என்று அவள் டின்னை நீட்டினாள்.

அக்கா துணியை எடுத்தாள். விளிம்பு மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைத்தாள். துணியில் பழுப்பு வருவது நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.