முட்டி வலி உள்ளவர்கள் கவனத்திற்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேட்கும் நிலை வரக் கூடாது.

என் சித்தப்பா மக்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மூன்றடுக்கு வீடு. கீழே தையல் கடை, அதற்குப் பின்னால் பெரியவர் குடும்பம். நடுவில் குடித்தனக்காரர்கள். மேலே, மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கும் சின்னவர். அவரைப் பார்க்க நான் படியேறிக்கொண்டிருந்தபோது, கோட்டுத் துணியின் மிச்சத்தைப் போர்த்திய ஒரு பலகை சுவரில் தொங்குவதைக் கண்டேன். அதில் குண்டூசி குத்திய ஒரு தாள். ஆங்கிலம். எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் வம்சத்தில் யாரும் சுவரில் எழுதி மாட்டி ஒருவருக்கு ஒன்றைத் தெரிவித்ததில்லை. சொல்ல வேண்டியதை நேரில் நின்று சொல்வோம். இல்லையென்றால் கடைசிவரை சொல்லாமலே இருப்போம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். தமிழில் தருகிறேன்:

"கவனத்திற்கு. வலப்பக்கக் கைப்பிடி ஆடுகிறது. முட்டி வலி உள்ளவர்கள் இடப்பக்கம் பிடித்து ஏறவும்."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் வேறொரு தாள்:

"கவனத்திற்கு. கைப்பிடி சரிசெய்யப்பட்டது. சரிசெய்தவருக்கு முட்டி வலி எதுவும் இல்லை."

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நடுப்படியில் நின்று இரண்டையும் மறுபடி படித்தேன். அந்த வீட்டில் முட்டி வலிக்காரர் ஒரே ஒருவர்தான்.

2

எப்படித் தொடங்கலாம் என்று பார்த்தேன்.

"மழை விட்ட ஒரு மாலையில், தையல் கடையின் மேசை விளக்கடியில்" (மழையே பெய்யவில்லை. விட்டுவிடுகிறேன்.)

"அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்திய அன்று" (இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் நீங்கள் காரணம் கேட்பீர்கள்.)

காரணத்தை எழுதமாட்டேன். அது குடும்ப விஷயம். கதைக்குத் தேவை என்று சிலர் வாதாடலாம். கதைக்குத் தேவை என்பதற்காகச் சித்தப்பா வீட்டு உள்ளறையைத் திறந்துவைக்க என்னால் முடியாது. வாசகர்கள் மாடிப்படியில் உட்காரலாம். நானும் அங்கிருந்துதான் பார்த்தேன். பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேயே தெரிகிறது.

* ஒன்று மட்டும் சொல்கிறேன்: இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் இத்தனை காலம் இழுத்தது. ஒருவர் மேல் மட்டும் தப்பிருந்தால் என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும்.

3

பெரியவர் தையற்காரர். நடுவீட்டுக்கு வந்த இளம் தம்பதிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான். தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று பெரியவர் கையைக் காட்டிச் சொல்ல, அவர்கள் நன்றாகத் தலையாட்ட, தொட்டி நிரம்பிப் படிக்கட்டு வழியே தண்ணீர் கடைக்குள் வந்தது. சொந்த வீட்டில் ஊமைபோல் கையாட்டி நிற்பதா என்று அவருக்கு ரோஷம். வேலைக்குப் போகிறவர்களுக்கென நூலகத்து மாடியில் ஒரு மாலை வகுப்பு நடந்தது. அன்றாடம் கண்ணில் படும் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகளை மட்டும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு: அறிவிப்பு, எச்சரிக்கை, மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டு, அழைப்பு, வீடு வாடகைக்கு என்ற பலகை, ஒருவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகும் செய்தி. செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தார்.

அவர் எழுதிய முதல் அறிவிப்பு ஒரு முழுப் பக்கம் வந்தது.

"என்ன சார் இது? மோட்டாரை நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு உங்க அப்பா எப்படி வீடு கட்டினார்னு எதுக்கு எழுதியிருக்கீங்க?" என்றார் டீச்சரம்மா.

"யார் சொல்றாங்கன்னு தெரிய வேணாமா?"

"வேணாம் சார். யாருக்கு, என்ன, எப்போ, எங்கே. அவ்வளவுதான். படிக்க வேண்டியவர் கண்ணுல படுற இடத்துல மாட்டிடணும். தீர்ந்துது."

"மொட்டையா இருக்குமேம்மா. மரியாதை வேணாம்?"

"சட்டையில தேவையில்லாத துணி தொங்கினா விட்டுவைப்பீங்களா?"

அது அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து, கத்தரி பிடித்த மனத்தோடு உட்கார்ந்து வெட்டினார். அப்பா போனார், வீடு கட்டிய வரலாறு போனது, தாழ்மையான வேண்டுகோள் போனது. மோட்டாரும் நேரமும் மட்டும் மிஞ்சின. சுற்றிலும் இரட்டைக் கோட்டில் கட்டம் போட்டார். இரட்டைக் கோடு டீச்சரம்மாவின் பிடிவாதம். ஒற்றைக் கோடு போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

(டீச்சரம்மாவை நான் பார்த்ததில்லை. பெரியவரின் மனைவி சொன்னதைக் கொண்டுதான் எழுதுகிறேன். அவர் சொல்லும்போது உலகத்தில் எல்லோரும் அவரைப் போலவே பேசுவார்கள். டீச்சரம்மா நிஜத்தில் இன்னும் சாதுவாக இருக்கலாம்.)

4

மோட்டார் அறிவிப்பு வேலை செய்தது. தொட்டி வழியவில்லை. இத்தனை சின்ன எழுத்துக்கு இத்தனை பலமா என்று பெரியவருக்கு வியப்பு. அந்த வியப்பு அடங்குவதற்குள்தான் தம்பி படியேறுவதை அவர் பார்த்தார்.

சின்னவர் மின்வேலைக்காரர். ஏணியின் மேலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். முட்டி அதற்கு இப்போது கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று, ஆடும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஏறினார். பெரியவர் வாயெடுத்தார், மூடிக்கொண்டார். உள்ளே போய்த் தாளை எடுத்தார்.

குடித்தனக்காரருக்குத்தான் எழுதினார். யார் கேட்டாலும் அப்படித்தான். தமிழில் எழுதினால் அது தம்பிக்கு எழுதியதாகிவிடும்; யார் முதலில் இறங்கி வந்தது என்ற பேச்சு எழும். ஆங்கிலம் நடுவீட்டுக்கு. போகிற வருகிறவர்கள் படித்தால் அதற்கு யார் பொறுப்பு?

மறுநாள் கைப்பிடி ஆடவில்லை. கீழே பதில் இருந்தது. அதைச் சுற்றி இரட்டைக் கோட்டுக் கட்டம்.

"இங்க பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டார். "மேல இருக்கறவனும் அந்த கிளாஸுக்குத்தான் போறான்."

"வியாழக்கிழமை பேட்ச். எனக்குத் தெரியுமே."

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"நான் என்ன தபால்காரியா? அவர் விஷயத்தை உங்ககிட்டயும் உங்க விஷயத்தை அவர்கிட்டயும் கொண்டுபோகக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

பிறகு பலகை காலியாக இருக்கவே இல்லை.

"எச்சரிக்கை. மேல்தளத்தில் நேற்று மாலை விளக்கு எரியவில்லை. உடல்நலக் குறைவு இருந்தால் தெரிவிக்கவும்."

"அறிவிப்பு. சீக்கிரம் தூங்குவது இந்தக் கட்டடத்தில் தடைசெய்யப்படவில்லை."

"கவனத்திற்கு. கடையில் உள்ள தையல் மெஷினின் வயர் தேய்ந்திருக்கிறது. கால் படாமல் தைக்கவும். புது வயர் முதல் படியில் உள்ளது."

நடுவீட்டுப் பெண் தினமும் நின்று பொறுப்பாகப் படித்தாள். ஒருநாள் அவளும் ஒரு தாளை மாட்டினாள்:

"எங்களுக்கு முட்டி வலி இல்லை. எங்களிடம் தையல் மெஷினும் இல்லை. அக்கறைக்கு நன்றி."

"பாவம், அந்தப் பொண்ணு பயந்தே போயிடும்," என்று பெரியவரின் மனைவி சிரித்தார். "அண்ணனும் தம்பியும் நல்லா சுவருக்கு இங்கிலீஷ் கத்துக்கொடுக்கறீங்க!"

5

இங்கேயே முடித்துவிடலாமா என்று யோசித்தேன். நல்ல வேடிக்கைக் கட்டுரையாக நின்றுவிடும். ஆனால் வகுப்பு முடியவில்லை. செய்திப் பாடம் பாக்கி.

"நோட்டீஸ் ஊருக்கு. மெசேஜ் ஒரே ஒரு ஆளுக்கு," என்றார் டீச்சரம்மா. "முதல் வரியில அவர் பேர். கடைசி வரியில உங்க பேர். நடுவுல விஷயம். வீட்டுல யாருக்காவது எழுதிட்டு வாங்க."

எல்லோரும் எழுதிவந்தார்கள். பெரியவரின் தாளில் இரட்டைக் கட்டம் மட்டும் இருந்தது.

"யாருமே இல்லையா சார் வீட்டுல?"

"இருக்காங்க."

"அப்புறம்?"

"அந்தப் பாடம் எனக்கு வேணாம்மா. நான் நோட்டீஸோட நிறுத்திக்கறேன்."

* வியாழக்கிழமை வகுப்பிலும் அதே பாடத்துக்கு ஒருவர் வெறும் கட்டத்தைக் கொடுத்ததாகக் கேள்வி. எழுதலாமா என்று தயங்கினேன். இவ்வளவு பொருத்தம் கதைக்கு ஆகாது. ஆனால் ஒரே தகப்பன் பிள்ளைகள். நான் என்ன செய்ய?

6

வாடகைக்கு என்ற பலகை ஒரு ஞாயிறன்று காலையில் வந்தது. தகரத்தில் பெயின்டால் எழுதியது. "டு லெட். மேல் தளம்."

பெரியவர் கடையைத் திறக்க வந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அவர் பொண்ணு ரொம்ப நாளாக் கூப்பிடுறாளாம். அவ வீட்டுல படியே கிடையாதாம். இந்த மாசக் கடைசியில கிளம்பறாராம்," என்றார் மனைவி. "இது நான் கொண்டுவந்த சேதி இல்ல. அவர் போன்ல பேசினது காதுல விழுந்துது."

"போகட்டும்."

"போனா திரும்பி வரமாட்டார்."

"நான் பிடிச்சா வச்சிருக்கேன்?"

கடையில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் ஏறவில்லை. அளவு நாடாவைத் தோளில் போட்டபடி திரும்பவும் படிக்கட்டுக்கு வந்து பலகையைப் பார்த்தார். மாணவர் கண்ணோடு பார்த்தார். யாருக்கு? வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு. எங்கே? அங்கேதான் இடித்தது. வீடு தேடுகிறவர்கள் தெருவில் போகிறார்கள். பலகை வாசல் கேட்டில் தொங்க வேண்டும். சின்னவர் அதை மாடிப்படிக்குள், கடைக் கதவுக்கு நேர் எதிரே, பெரியவரின் கண் மட்டத்தில் மாட்டியிருந்தார்.

"படிக்க வேண்டியவர் கண்ணுல படுற இடத்துல."

வியாழக்கிழமை வகுப்பிலும் டீச்சரம்மா அதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

7

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

பெரியவர் பலகையைக் கழற்றி ஒளித்துவைக்கிறார். (கூடாது. இன்னொருவர் மாட்டியதில் கைவைப்பவரை நான் கதைநாயகராக வைத்துக்கொள்ள மாட்டேன்.)

பெரியவர் மேலே ஏறிப் போகிறார், இருவரும் கட்டிப்பிடித்துக் கண்ணீர் (எங்கள் குடும்பத்து ஆண்கள் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அவர்கள் இருவரும் என்னை வீட்டுப் படி மிதிக்க விடமாட்டார்கள்.)

மாதக் கடைசியில் வண்டி வருகிறது, சாமான்கள் ஏறுகின்றன, பெரியவர் கடைக்குள் குனிந்து தைத்துக்கொண்டே (இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

நடந்தது வரை சொல்கிறேன். சாப்பிடும்போது மனைவி, தட்டைப் பார்த்துக்கொண்டே, "கீழ்வீட்டை அவருக்கு விட்டுட்டு நாம மேல போனா என்ன?" என்றார்.

"மூத்தவன் வீடு இது. அப்பா எனக்குன்னு சொன்னது."

"மூத்தவர்தான், யார் இல்லன்னா? மேல போனா இளையவராயிடுவீங்களா? உங்க முட்டி கல்லு மாதிரித்தானே இருக்கு. காலையில இறங்கி வந்து கடையைத் திறங்க."

"அவன் ஒத்துக்கமாட்டான்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

பெரியவர் கைகழுவ எழுந்துவிட்டார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு கலைந்த பிறகும் பெஞ்சைவிட்டு எழவில்லை.

"அந்த மெசேஜ் பாடம்," என்றார். "முதல் வரியில பேர்தான் எழுதணுமா?"

"ஆமா சார்."

"நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. தம்பின்னுதான். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன எழுதறது?"

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்தாராம்.

"அதுக்கு எதுக்கு சார் இங்கிலீஷ்? தம்பின்னே எழுதுங்க."

8

மறுநாள் பழைய துணிப் பலகையில் ஒரு தாள் இருந்தது. கட்டம் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. தாளை நான்காக மடித்து, துணி ஓரத்தை மடிப்பதுபோல் விளிம்பை உள்ளே தள்ளி, ஒற்றைக் குண்டூசியில் குத்தியிருந்தார். நடுவீட்டுப் பெண் வழக்கம்போல் நின்றாள், மடித்திருப்பதைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனாள். தமிழ் தெரியாவிட்டாலும் மரியாதை தெரிந்த பெண்.

அன்றும் சின்னவரைப் பார்க்க நான் ஏறினேன். தாள் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. குண்டூசி தளர்வாகத்தான் இருந்தது. இந்தக் கதையின் முடிவு அதற்குள் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் தொடவில்லை.

மேலே போனதும், "சுவர்ல உனக்கு ஏதோ இருக்குப்பா," என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கா? அது குடித்தனக்காரங்களுக்குண்ணே," என்றார் சின்னவர்.

"இது மடிச்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வலப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கத் தொடங்கினார். நான் பின்னால் போகவில்லை. அது என் இடமல்ல. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

அறிவிப்பு எல்லோருக்கும் உரியது. கண்ணில் பட்டதையெல்லாம் உங்களுக்குப் படித்துச் சொல்லிவிட்டேன். செய்தி ஒருவருக்கு உரியது. அந்தத் தாளில் என்ன இருந்தது, என்ன பதில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில் அவர் பேர், கடைசி வரியில் உங்கள் பேர், நடுவில் விஷயம். அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். எழுதியதை மறக்காமல் மடித்துக் குத்துங்கள்; நான் அந்த வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன்.