இரண்டு பக்கமும் மேடு

ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை, போகும்போதும் மேடு, வரும்போதும் மேடு. நில அளவைக்காரர்கள் வந்து இரண்டு முனைகளிலிருந்தும் அளந்து பார்த்தார்கள். இரண்டு விடையும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க பஸ் ஓடியது. இரண்டு திசையிலும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டிருந்ததில் எஞ்சின் புகைந்து, டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸும் அப்படித்தான் நின்றுபோனது. அதன்பிறகு சைக்கிள்தான்.

அந்த ஊரில் சைக்கிள் வாங்குகிறவர்கள் நிறத்தையும் மணியையும் பார்ப்பதில்லை. வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தின் பல்சக்கரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பார்கள். பெரியதாக இருந்தால் கால் நிறையச் சுற்றும், வண்டி கொஞ்சமாக நகரும், ஆனால் நகரும். சின்னதாக இருந்தால் சமதரையில் பறக்கலாம். அந்த ஊரில் சமதரை என்று இருந்தது ஊருக்குள் கிடந்த மணல் தெருக்கள் மட்டும்தான். ஒருமுறை ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் நிறைய கியர் வைத்த வண்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. கியர் மாற்றும் கைப்பிடி முதல் மழையின் சேற்றிலேயே இறுகிக்கொண்டது. அதை இளக்க யாரிடமும் சாமான் இல்லை. இப்போது அந்த வண்டிகள் கொல்லைகளில் துணி காயப்போடப் பயன்படுகின்றன. சைக்கிள் கடைக்காரர் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், "இத்தனை கியர் இருந்து என்ன, ஒரு கால்சட்டையைக் காயவைக்கத்தானே லாயக்கு" என்பார். பெரிய பல் ஒன்று, செயின் ஒன்று, இதுதான் அவருடைய கட்சி. ஊரும் அதே கட்சிதான்.

சாலைக்கு இன்னொரு குணமும் இருந்தது. பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பவர் சாகக் கிடந்தால் மட்டும் சாலை பள்ளமாகிவிடும். பெடல் திடீரென்று லேசாகும், வண்டி தானாக ஓடும், கால் நின்றதும், மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் டிக் டிக் என்று சத்தம் போடும். வேறு எதற்கும் அந்தச் சத்தம் அங்கே கேட்டதில்லை. சாலையோரத்து வீடுகளில் அது கேட்டால் பெண்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். சாவை நோக்கி இறங்குகிறோமே என்று வண்டி ஓட்டுகிறவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கவும் கையில்லாமல் போவார். சிலர் இறங்கி, வண்டியைப் பின்னால் இழுத்தபடியே நடப்பார்கள். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டபிறகு யாரும் பிழைத்ததில்லை. துக்கமெல்லாம் முடிந்தபிறகு அந்த வீட்டு சைக்கிள் கடைக்கு வரும். பிரேக் கட்டைகள் கரைந்து தகடு தெரியும். கடைக்காரர் எதுவும் கேட்காமல் புதிது போட்டுக் கொடுப்பார்.

ஊர் நர்ஸ் அந்தச் சாலையில் எத்தனையோ பேரைக் கேரியரில் வைத்து மிதித்தவள். பிரசவ வலியில் கத்துகிறவர்கள், கை முறிந்தவர்கள், காய்ச்சலில் பிதற்றுகிறவர்கள். மிதிக்க மிதிக்க தொடை எரியும். எரிந்தால் அவளுக்கு நிம்மதி. நன்றாக மூச்சு வாங்குகிற நாளில், பின்னால் இருப்பவர் வீடு திரும்புவார் என்று அர்த்தம். செங்கல் அறுக்கும் கிழவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் முதன்முதலாகப் பெடல் லேசானது. பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. கிழவருக்கு ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது. அடுத்து ஒரு குழந்தை. குழந்தைக்குப் பிறகு அவள் நேராகக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, இந்த ஃப்ரீவீலைக் கழட்டிடுங்க. சக்கரம் சுத்தினா பெடலும் சேர்ந்து சுத்தற மாதிரி, நேரடியா ஒரு பல்லு மாட்டுங்க."

"எதுக்கு? கால் நிக்காதே. முட்டி போயிடும், நர்ஸம்மா."

"முட்டி போனா போகுது. பிரேக் பத்த மாட்டேங்குது. காலால புடிச்சு நிறுத்தணும்."

கடைக்காரர் ஸ்பேனரைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். "சாவை காலால எட்டி உதைக்கப் பாக்கறே" என்றார். பிறகு, அதுவும் செய்து பார்க்க வேண்டியதுதான் என்பதுபோல வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பல்லைப் பட்டறையில் பற்றவைத்து, ராடு மாதிரி இறுக்கிக் கொடுத்தார். அதன்பின் அவள் வண்டி சத்தமே போடவில்லை. வாசலுக்கு வந்து நிற்கும் பெண்களுக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

அவளுடைய தங்கை துணி தைப்பவள். வாய் ஓயாதவள். இந்த ஊரில் பிறந்து காற்று வாங்காமலே சாகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பள்ளத்தில் சைக்கிள் விட்டால் காற்று முகத்தில் அடிக்குமாம், முடி பறக்குமாம், வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி சொல்லியிருந்தாள். "ஒரே ஒரு தடவை போய்ப் பாக்கணும்க்கா" என்பாள். "வாயைக் கழுவுடி" என்பாள் அக்கா.

மழை விட்ட ஒரு காலையில் விறகுக் கட்டைப் பிரித்தபோது தங்கையின் கணுக்காலில் பாம்பு கடித்தது. நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள். தங்கையின் இமைகள் அதற்குள் கனத்துத் தொங்கின. விஷத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று பள்ளிக்கூடத்தில் நின்று எல்லோருக்கும் பாடம் நடத்தியவள் அவள்தான். தங்கையைக் கேரியரில் உட்கார வைத்து, விழாமல் இருக்கப் புடவையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டாள். தங்கையின் புருஷன் பின்னால் ஓடி வந்தான். அவள் மிதித்தாள். கடைசி வீட்டைத் தாண்டியதும் பெடல் லேசானது.

சாலை அவளுக்கு முன்னால் சரிந்து இறங்கியது. அப்படியொரு சரிவை அவள் பார்த்ததே இல்லை. பெடல்கள் அவள் கால்களைச் சுழற்றத் தொடங்கின. அவள் எதிர்த்து அழுத்தினாள். முட்டிக்குள் ஏதோ கடகடவென்றது. வண்டி நடைவேகத்துக்கு வந்தது. தங்கையின் புருஷன் கேரியரைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தான். அவன் செருப்புகள் தேய்ந்து அறுந்தன.

"விடாதீங்கக்கா. புடிச்சுக்கோங்க."

"புடிச்சிருக்கேன். நீயும் இழு."

தங்கையின் தலை அவள் முதுகில் சாய்ந்திருந்தது. பேச்சு குழறியது. "அக்கா, பள்ளம்தானே இது."

"இல்லடி. மேடுதான்."

"பொய். விடேன். காத்து வரட்டும்."

அவள் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. தங்கையின் மூச்சு சாலையின் கடைசி வளைவில் நின்றிருந்தது. டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார், கடிவாயைப் பார்த்தார், கடித்த நேரத்தைக் கேட்டார். மருந்துப் பெட்டி மேஜையில் திறந்தபடி இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா போதும்மா. இது பிழைச்சிருக்க வேண்டிய கேஸ். அவ்வளவு பள்ளத்துல ஏன் இவ்வளவு நேரம்?"

டாக்டர் வெளியூர்க்காரர், ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு அது ஊரிலிருந்து இறங்கி வரும் சாலை. அவர் கேள்வியாகத்தான் கேட்டார். தங்கையின் புருஷன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். கேரியர் கம்பி பதிந்த கோடு அதில் சிவப்பாக இருந்தது. நர்ஸ் உட்கார இடம் தேடினாள். அவளுக்கு முட்டி மடங்கவில்லை.

திரும்பும்போது தங்கையை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாலை எப்போதும்போல மேடாக இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபிறகு அவள் வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல புதுப் பிரேக் கட்டைகளை எடுத்தார். பழைய பிரேக் கட்டைகளைப் போட்டு வைத்திருந்த டப்பா தரையில் இருந்தது. அவள் அதைக் கவிழ்த்தாள். கரைந்த ரப்பர்கள் தரை முழுக்கப் பரவின. செங்கல் அறுக்கும் கிழவர், அந்தக் குழந்தை, அவர்களுக்கு முந்தியவர்கள், அவர்களுக்கும் முந்தியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரோடு சீக்கிரம் போகச் சொல்லியிருக்கு" என்றாள் அவள். "நாம புடிச்சுக்கிட்டே இருந்திருக்கோம்."

கடைக்காரர் குந்தி உட்கார்ந்தார். பற்றவைத்த பல்லை அறுத்தெடுக்க அவருக்கு அரை நாள் ஆனது. பெரிய ஃப்ரீவீல் ஒன்றை மாட்டி, கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். டிக் டிக் என்றது. அதை நிறுத்தாமல் விட்டார்.

அடுத்து ஒரு கொத்தனாரை அவள் ஏற்றிக்கொண்டு போனாள். சாலை சரிந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தாள். வாசல்களில் பெண்கள் அழத் தொடங்குவதற்குள் அவர்களைக் கடந்துவிட்டாள். கொத்தனார் பிழைத்தார். அதற்கடுத்தவர் பிழைக்கவில்லை. அதற்கடுத்து இரட்டைக் குழந்தைகளோடு ஒருத்தி பிழைத்தாள். ஊர் நம்புவதற்குச் சில வருடங்கள் பிடித்தன. தங்கையின் புருஷன் மட்டும் அந்தச் சாலையில் வருவதில்லை. வயல் வரப்புகளில் சுற்றிக்கொண்டு நடந்தே போவான். அவனும் நர்ஸும் எதிரெதிரே வந்தால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் கடைக்காரரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேரியரில் ஏறினார்.

"மேடா, பள்ளமா?"

"மேடுதான் அண்ணே."

"உன் கால் சும்மா தொங்குது. பொய்யைக் கொஞ்சம் மிதிச்சுக்கிட்டே சொல்லக் கூடாதா?"

அவர் பிழைத்து வந்து மறுபடி கடை திறந்தார். பிரேக் கட்டைகளை வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டார், அங்கே யாருக்கும் அவை தேய்வதில்லை. சின்னப் பல்லா பெரிய பல்லா என்று யாராவது கேட்டால், வரும்போதுதான் மிதிக்க வேண்டியிருக்கும், பெரியதே போதும் என்பார். சாலையில் டிக் டிக் சத்தம் கேட்டால் இப்போது மாட்டு வண்டிகள் ஓரம் கட்டுகின்றன, பெண்கள் கோழிகளை விரட்டி வழிவிடுகிறார்கள். நர்ஸ் முட்டியை நீட்டியபடி கடந்து போகிறாள். காற்று முகத்தில் அடிக்கிறது. முடி பறக்கிறது. ஆளை இறக்கிவிட்டு, திரும்பும் மேட்டில், வலிக்கிற காலால் மெதுவாக மிதித்துக்கொண்டு வருகிறாள்.