ஒரு நாள் பிந்திய கவாத்து

யுவராணியின் புருஷன் ஈஸ்வரபாண்டிக்கு அடுத்தவன் வயிறு எரிந்தால்தான் தன் வயிறு நிறையும். கம்பத்தில் திராட்சைக் கொடியை எவன் முதலில் வெட்டிக் கவாத்து பண்ணுகிறானோ, அவன் பழம்தான் முதலில் சந்தைக்குப் போகும். அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கர்ணனிடம் வருஷா வருஷம் ஒரு பொய் நாளைச் சொல்லிவிட்டு இவர் முந்திக்கொள்வார். ஏமாந்த கர்ணன் வரப்பில் நின்று வண்டை வண்டையாகத் திட்டுவதைக் கேட்டால்தான் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அப்படியொரு தங்கமான மனசு!

இந்த வருஷமும் இவர்தான் முந்தினார். ஆனால், கர்ணன் பைக்கில் விழுந்து கால் ஒடிந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். திட்டுவதற்கு வரப்பில் ஆள் இல்லை. யுவராணி வைத்த கறிக்குழம்பு தட்டிலேயே ஆறிப்போனது.

“செயிச்சது நீங்கதானே, பெறகு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?”

“அவன் பாக்காம செயிச்சு என்னத்துக்கு ஆகும்?”

மறுநாள் காலையிலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், கர்ணனின் தோட்டம் முழுவதையும் ஒரு கொடி விடாமல் கவாத்து பண்ணிவிட்டு வந்தார். யுவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. சூடாகச் சோறு போட்டாள்.

“நம்ம வேலை நேத்து மத்தியானமே முடிஞ்சிருச்சே. கையோட அதையும் முடிச்சிருக்கலாம்ல?”

“முடிச்சிருக்கலாம்தான்” என்றார், மூன்றாம் தடவை குழம்பை ஊற்றிக்கொண்டே. “அவன் பழம் ஒரு நா பிந்துனாத்தானடி, வந்ததும் வராததுமா என்னயத் திட்டுவான்!”