நூற்றுப் பதினாலாவது பந்தயம்

பத்துப் பந்தயம் தோற்றவனைப் பார்த்தால் நாலு பேர் சிரிப்பார்கள். ஐம்பது தோற்றவனைப் பார்த்தால் ஐயோ பாவம் என்பார்கள். நூறு தாண்டிவிட்டால் பக்கத்தில் உட்காரவே பயப்படுவார்கள். வெடி நூற்று ஏழில் இருந்தான்.

வெடி என்பது பட்டறை வைத்த பெயர். திரியைக் கொளுத்தக்கூட வேண்டாம், தீப்பெட்டியைக் காட்டினாலே போதும், அப்படிப்பட்ட ஆள். பாத்திரம் கழுவும் ஸ்டீல் தொட்டி செய்கிற பட்டறை அது. பெரிய பிரஸ்ஸில் தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் தொட்டியாக்கிவிடும். அதற்கு இரண்டு ஆள். இந்தப் பக்கம் வெடி, எதிர்ப்பக்கம் அவன் மனைவியின் அண்ணன். ஆளுக்கு இரண்டு பொத்தான், கைக்கு ஒன்று. நாலும் அமுங்கினால்தான் அச்சு இறங்கும். நாலு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கடியில் இருக்க முடியாதல்லவா? யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு.

இயந்திரத்தை நம்பாத தொழிலாளிகள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றும் இருந்தது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் "கை!" என்று கத்த வேண்டும். கேட்டவன் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் நாலைந்து தடவை அப்படிக் கத்தியிருக்கிறார்கள். பட்டறையில் எவ்வளவோ கேலி உண்டு, கெட்ட வார்த்தை உண்டு. அந்த ஒரு சொல்லை வைத்து மட்டும் யாரும் விளையாடியது கிடையாது.

விளையாட்டெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், போனில், குதிரைப் பந்தயம். காசு கிடையாது, மானம் மட்டும்தான். ஒரு குட்டியை எடுத்துத் தீனி போட்டு வளர்த்து, பழக்கி, ஓடவிட வேண்டும். கடைசி நானூறு மீட்டரில் இரண்டு கட்டைவிரலாலும் திரையின் இடமும் வலமும் மாறி மாறித் தட்ட வேண்டும். எவ்வளவு சீராகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகம். வெடியின் குதிரைக்கு மின்னல் என்று பெயர். கடைசித் திருப்பம்வரை அது மின்னல்தான். அதற்கப்புறம் யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கி ஓடும். மச்சானின் ராசாத்தி குலுக்கிக்கொண்டு முந்திப் போகும். முப்பதாவது தோல்விக்குப் பிறகு பட்டறை மொத்தமும் மின்னலைச் சண்டி என்றே கூப்பிட்டது.

வெடியும் என்னதான் செய்யவில்லை? தீனியை மாற்றினான். குதிரையை மாற்றினான், புதிதாக வந்த குட்டியும் வளர்ந்து அதே திருப்பத்தில் அதேபோல் தயங்கி, சண்டி என்ற அதே பெயரை வாங்கியது. உட்காரும் இடத்தை மாற்றினான். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்று மச்சான் சிரித்தான். நாற்பத்தெட்டாவது தோல்வியில் போனைச் சுவரில் அடித்தான். அறுபதில் தன் இரும்பு அலமாரியின் கதவைக் குத்தி நாலு விரல் முட்டியும் கிழிந்தது. எழுபத்தொன்றில் பட்டறைச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு வைத்து அழுத்தினான். பாவம், அந்த மனுஷன் வேறு எதற்கோ சிரித்தவர்.

நூறாவது தோல்வியன்று மச்சான் ஓர் அட்டையில் பெரிதாக நூறு என்று எழுதிக் கயிறு கட்டி எடுத்துவந்தான். "சதம் அடிச்சிட்டே மாப்ள!" என்று அதை வெடியின் கழுத்தில் மாட்டினான். மாட்டிய கை விலகுவதற்குள் வெடி தன் நெற்றியால் அவன் மூக்கில் ஒரே முட்டு முட்டினான். எலும்பு நொறுங்கிய சத்தம் அடுத்த மேசைவரை கேட்டது. மச்சான் விழுந்த பிறகும் விடவில்லை. நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அடித்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது. அட்டை முழுக்க ரத்தம், நூறு இருந்த இடம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி கதவிலேயே நின்றாள். செய்தி அவனுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"எங்க அண்ணன் மூக்கை உடைச்சிட்டு எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு உள்ளே வர்றீங்க?"

"அவன் பண்ணது உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிய வேணாம். கேட்டுக்கோங்க. இன்னொரு தடவை உங்க கோபம் அவன்மேல இறங்குச்சுன்னா நானும் பாப்பாவும் இந்த வீட்டுல இருக்க மாட்டோம். சும்மா மிரட்டுறேன்னு நினைக்காதீங்க."

அவன் அப்படி நினைக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் மிரட்டியதே கிடையாது. சொல்வாள், செய்வாள். அவளும் மூன்று வயதுப் பெண்ணும் இல்லாத வீட்டை அவன் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான்.  மறுநாளே போய் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான். மூக்கில் பஞ்சு வைத்த மச்சான், "விடு மாப்ள, நம்ம ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னுதானே பொழைக்கணும்" என்றான். ஒரு வாரம் கழித்து மறுபடி பந்தயம், மறுபடி தோல்வி.

நூற்று ஏழாவது தோல்விக்குப் பிறகு ஒரு நாள் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்படி என்னதான் இருக்கு அந்தக் குதிரையில? ஓட்டுங்க, பார்ப்போம்."

அவன் தனியாக ஒரு பந்தயம் ஓட்டினான். அவள் குதிரையைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு விரலும் ஒண்ணா விழுதே."

"மாத்தி மாத்தித்தானே தட்டுறேன்?"

"ஆரம்பத்துல மாத்தித்தான் தட்டுறீங்க. குதிரை திரும்பினதும் பல்லைக் கடிக்கிறீங்க, அப்போ ரெண்டும் சேர்ந்து விழுது."

இரண்டும் சேர்ந்து விழுந்தால் அந்த விளையாட்டில் கடிவாளத்தை இழுப்பதாக அர்த்தம். பதினோரு வருஷம், நாளைக்கு ஆயிரம் அடி, இரண்டு கையையும் ஒரே நொடியில் இறக்கி இறக்கிப் பழகியவன் அவன். பதற்றம் வந்தால் அந்தக் கைகளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. நூற்று ஏழு தடவையும் தன் குதிரையைத் தானே இழுத்து நிறுத்தியிருக்கிறான்!

"அப்போ உங்க அண்ணன்? அவனும் அதே பிரஸ்தானே?" என்றான்.

அதற்கு விடை மறுநாள் கிடைத்தது. பிரஸ்ஸில் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தான். மச்சானின் இடது பொத்தானில் ஒரு மரத்துண்டு சொருகியிருந்தது. அந்தப் பக்கத்துப் பொத்தான் பெட்டி பழசு, ஏமாறும். வெடி பக்கத்துப் பெட்டி போன வருஷம் மாற்றியது. இரண்டு பொத்தானும் ஒரே சமயத்தில் அமுங்காவிட்டால் அது கேட்காது, அச்சு இறங்காது.

"கட்டையை எடு மச்சான். வினையாகிடும்."

"அட போப்பா. ஒரு கை சும்மா இருந்தா தகட்டைத் தள்ளிவிடச் சுளுவா இருக்கு. எதிர்ல நீ இருக்கே, நீ அமுக்காம அது இறங்கிடுமா?"

ஆக, ஒழுங்காக வேலை செய்தவனுக்குத் தோல்வி, கட்டை சொருகினவனுக்கு வெற்றி. வெடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனைவி முகம் முன்னால் நின்றது, அடக்கிக்கொண்டான். கையைப் பழக்குவோம், ஒரே ஒரு பந்தயம் ஜெயிப்போம், அதோடு இந்தச் சனியனைத் தலைமுழுகிவிடுவோம் என்று முடிவு செய்தான்.

தினமும் சாயங்காலம் பயிற்சி. அவன் மேசையில் தட்டுவான், மனைவி மரக்கரண்டியோடு எதிரில் உட்காருவாள். இரண்டு விரலும் சேர்ந்து விழுந்தால் புறங்கையில் ஒரு போடு. அண்ணன் மூக்குக்கான பழியும் அதில் கொஞ்சம் தீர்ந்திருக்கும். கை வீங்கியது. இரண்டாவது வாரம் கை கேட்க ஆரம்பித்தது. இடது, வலது, இடது, வலது. குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டும்போதுகூட அப்படியே வந்தது. பிரஸ்ஸில்தான் தொல்லை. சில சமயம் ஒரு கை முந்திக்கொள்ளும், அச்சு இறங்காது, கையை எடுத்து மறுபடி நிதானமாக அமுக்க வேண்டியிருக்கும். "தூங்குறியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

நூற்றுப் பதின்மூன்றில் வெடி தோற்றது அரை உடம்பு தூரத்தில். நூற்றுப் பதினாலாவது பந்தயத்துக்குப் பட்டறையே சுற்றி நின்றது.

கடைசித் திருப்பம் வந்தது. ராசாத்தி பக்கத்தில். வெடி பல்லைக் கடித்தான். விரல்கள் சேரவில்லை. இடது, வலது, இடது, வலது. சண்டி தலையை நீட்டிப் பாய்ந்தது. ஒரு உடம்பு முன்னால். ஒன்றரை உடம்பு. "போடு!" என்று ஸ்டோர்காரரே கத்தினார். இன்னும் ஐம்பது மீட்டர். வெடிக்குக் கண்ணில் நீர் கட்டியது.

"கை!" என்று கத்தினான் மச்சான்.

வெடியின் இரண்டு கையும் மேலே போய்விட்டன. யோசித்துச் செய்ததல்ல. பதினோரு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவன் யோசித்ததில்லை. போன் தரையில் விழுந்தது. அவன் இரண்டு கையையும் தூக்கியபடி, போலீஸிடம் பிடிபட்ட திருடனைப்போல் உட்கார்ந்திருக்க, ராசாத்தி கோட்டைத் தாண்டியது.  பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெடி எதையும் உடைக்கவில்லை. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவனை அறிந்தவர்கள் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஒரு தகடு அச்சின் அடியில் ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். மச்சானுக்கு அது சோம்பல். தகடு சரியானதும் மாப்பிள்ளை மட்டும் அமுக்கினால் போதும் என்று வலது பொத்தானிலும் ஒரு கட்டையைச் சொருகிவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டுத் தகட்டைப் பிடித்து இழுத்தான். வாயில் இன்னும் சிரிப்பு இருந்தது. முனகலாக ஒரு பாட்டுகூட இருந்தது.

இப்போது அந்த அச்சுக்கும் மச்சானின் கைகளுக்கும் நடுவில் வெடி மட்டும்தான். "கை!" என்று கத்த வேண்டிய நேரம் அது. அந்தச் சொல் தொண்டைவரை வந்தது, மதியம் கேட்ட சிரிப்போடு சேர்ந்து வந்தது. அவன் அதை விழுங்கினான். இரண்டு முழங்கையும் நசுங்கித் தகட்டோடு தகடாவது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பிடித்திருந்தது. பூசி மெழுகுவானேன், அவன் அமுக்கினான். முழு மனசோடு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் ஓங்கி அமுக்கினான்.

இடது முந்தியது. வலது ஒரு இமைப்பொழுது பிந்தி விழுந்தது. பெட்டி கேட்கவில்லை. அச்சு அசையவில்லை.

மச்சானின் கைகள் இன்னும் உள்ளேதான் இருந்தன. குனிந்த தலை நிமிரவில்லை. கையை எடுத்து நிதானமாக மறுபடி அமுக்க நேரம் இருந்தது. வெடி தன் கைகளைப் பார்த்தான். மரக்கரண்டி பட்ட புறங்கையைப் பார்த்தான். அவற்றை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து, சிவப்புப் பொத்தானைக் குத்தி இயந்திரத்தை நிறுத்தினான். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

"என்ன மாப்ள? ஏன் நிறுத்தினே?" மச்சான் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"அமுக்கினேன். நீ கை உள்ளே விட்டிருந்தப்போ அமுக்கினேன். அது இறங்கலை."

மச்சானுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளிறியது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அந்தக் கைகளாலேயே அடித்தான். வாயில் குத்தினான், பல் ஒன்று தெறித்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தான். அழுதுகொண்டே உதைத்தான். வெடி ஒரு கையையும் உயர்த்தவில்லை. தடுக்கக்கூட இல்லை. அடி விழ விழ அவனுக்கு ஏதோ சுமை குறைவதுபோல் இருந்தது.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். வெடியால் தனியாக நடக்க முடியவில்லை. மனைவி பதறிப்போய், "யார் அடிச்சா?" என்றாள்.

"நான்தான். விளையாட்டுல ஒரு தகராறு" என்றான் மச்சான். "முடிஞ்சு போச்சு. நீ ஒண்ணும் கேட்காதே."

தப்பித்துக்கொள்ள அவன் வழி திறந்துவிட்டிருந்தான். வெடி பேசாமல் இருந்திருந்தால் போதும். இருக்க முடியவில்லை. வீங்கிய வாயால் எல்லாவற்றையும் சொன்னான். "கை!" என்று கத்தியதை, அமுக்கியதை, அச்சு இறங்காததை.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இறங்கலைன்னு தெரிஞ்சதும் மறுபடி அமுக்கினீங்களா?"

"இல்லை."

"அண்ணா, நீ பார்த்தியா?"

"நான் குனிஞ்சிருந்தேன். ஆனா இவன் சொல்றது நிஜம்தான். நிறுத்தினது இவன்தான். என்மேலயும் தப்பு இருக்கு, அந்தச் சொல்லை நான் அப்படி..."

"நீ சும்மா இரு அண்ணா. நானும் நம்புறேன்."

நம்பத்தான் செய்தாள். அவள் கண்ணிலேயே அது தெரிந்தது. ஆனால் நம்புவது வேறு, ஒரே வீட்டில் கண்ணயர்ந்து தூங்குவது வேறு. உள்ளே போனாள். குழந்தையின் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். மச்சான் கெஞ்சினான். "ஆத்திரத்துல பண்ணிட்டான்மா, எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே." அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எதிரில் உட்கார்ந்து கரண்டியால் அடித்துப் பழக்கிய அந்தக் கைகளை வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியிறங்கினாள்.

வெடி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான்.  பை கனமாக இருந்திருக்க வேண்டும். மச்சான் அதைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தங்கைக்குப் பின்னால் போனான். தெரு முனையில் அவர்கள் திரும்பும்வரை வெடி மச்சானின் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.