போனுக்குப் பின்னால் நிற்பவர்

அப்பா மூன்றாவது நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி, மறுபடியும் உட்கார்ந்தார்.

"அங்கேருந்து என் தலை தெரியுதாடா?"

அவன் மேசைக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் சட்டம் போல வைத்துப் பார்த்தான். "முக்கால் தலை தெரியுதுப்பா."

"முக்கால் போதும். மீதியில முடி இல்ல."

மேசைமேல் போன் வைக்கும் ஸ்டாண்டு நின்றது. முந்தின நாள் மாலை அப்பாவே செய்தது. கதவு வேலையில் மிஞ்சிய பலகைத் துண்டில் போனைச் சொருக ஒரு பள்ளம் வெட்டி, சாயாமல் நிற்க அடியில் உடைந்த டைல் ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருந்தார். பசை காயும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

"நாலு மணி வரைக்கும் கை வைக்காதீங்க."

"அதுக்குள்ள அது எங்க ஓடிடப் போகுது?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"நீ தொட்டா ஓடும்."

அவர் ஷேவ் செய்திருந்தார். விடுமுறை நாளில் ஷேவ் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இஸ்திரி போட்ட நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சாயங்காலம்தான் போட்டுக்கொள்வாராம், இப்போதே போட்டால் கசங்கிவிடுமாம். இதையெல்லாம் பார்த்தும் அம்மாவும் அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மனசை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆள்.

அக்கா ஊழியத்துக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இன்னும் நான்கு மாதம் இருந்தது. ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில், தன்னைப் போலவே வந்த இன்னொரு பெண்ணோடு ஓர் அறையில் தங்கி, வீடு வீடாகப் போய் சபையைப் பற்றிப் பேசுவது அவள் வேலை. வாரத்துக்கு ஒரு கடிதம் வரும். முகம் பார்த்துப் பேசுவது வருடத்தில் இரண்டு முறைதான். அதுவும் பெரிய விடுமுறை நாட்களில், நாற்பது நிமிடம். அதற்கு மேல் பேசினால் வேலையில் மனம் நிற்காது என்பது சபையின் கணக்கு.

அவள் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது. "படிச்சு முடிச்சுட்டு, யார் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கிட்டுத் திரியப் போறியா?" என்றார் அப்பா. "நீங்க தரையைத் தட்டிப் பாக்குறீங்க, நான் கதவைத் தட்டிப் பாக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள். அப்பா டைல் ஒட்டுபவர். ஒட்டி முடித்த தரையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போவார். அடியில் காற்று தங்கியிருந்தால் சத்தம் மாறிவிடும். மற்ற நேரமாக இருந்தால் அந்தப் பதிலுக்குச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. நீ திரும்பி வரும்வரை உன் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரயில்வே ஸ்டேஷனுக்கும் வரவில்லை.

ஆனால் முதல் அழைப்பு வந்தபோது, போனைப் பிடித்திருந்த அவன் கை ஆடுகிறது, படம் கோணலாகப் போகும் என்று சொல்லி, போனை வாங்கித் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றுவிட்டார். அம்மாவும் அவனும் எதிரே உட்கார்ந்து பேசினார்கள். நாற்பது நிமிடமும் அப்பா அங்கிருந்து அசையவில்லை. பிறகு அம்மா கேட்டபோது, "மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். குரலைக் கேக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்றார்.

அக்கா கெட்டிக்காரி. கறுத்த நகத்தோடு படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்த கட்டைவிரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பாவோட கட்டைவிரல் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்காமல் போனின் முதுகில் ஒரு முறை தட்டினார். அப்படித்தான் தொடங்கியது. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. இரண்டாவது அழைப்பில் பாதி நேரம் அவளும் அந்த விரலும்தான் பேசிக்கொண்டார்கள்.

இந்த முறை அம்மா அவளுக்கு எழுதியிருந்தாள்: அப்பா முன்னால் வந்து உட்காருவார் என்று நினைக்கிறேன். நீயாக எதுவும் கேட்டுக் கெடுத்துவிடாதே.

பத்து மணிக்கு அப்பா, "கை கழுவிட்டு வரேன்" என்று பின்பக்கம் போனார். பின்வாசலோரம் இருந்த டைலை மிதித்தபோது அது வழக்கம்போல் டொக்கென்றது. ஊரெல்லாம் குறையில்லாமல் தரை போட்டவரின் வீட்டில் அந்த ஒரு டைலுக்கு அடியில் மட்டும் காலி. மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று பதினோரு வருடம் ஓட்டிவிட்டார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

"தண்ணிய மூடுங்க, வீணாப் போகுது" என்றாள் அம்மா. பிறகு அவளே மூடப் போனாள். அப்பா குழாயடியில் விழுந்து கிடந்தார்.

மாடி வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். வழி முழுவதும் அவன் அப்பாவின் இடது தோளைப் பிடித்தபடியே இருந்தான். பத்து நாட்களாக அதே தோளில்தான் தைலம் தேய்த்துவிட்டிருந்தான். நாற்பது வருடம் டைல் பெட்டி தூக்கிய தோள், வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அவன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். யாராவது வந்து இடது தோள் வலிக்கிறது என்றால் வயதைக் கேட்பான். ஐம்பதுக்கு மேல் என்றால், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று அனுப்பிவிடுவான். அப்பாவிடம் வயது கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "வழியிலேயே உயிர் போயிடுச்சு" என்றார். விடுமுறை என்பதால் கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை, உடலை மறுநாள் காலையில்தான் தருவார்கள். நர்ஸ் ஒரு பையில் வாட்சையும் பெல்ட்டையும் போட்டுக் கொடுத்தாள். அவன் குனிந்தபோது அப்பாவின் கன்னத்தில் சோப்பு வாசனை இன்னும் இருந்தது.

திரும்பும்போது அம்மா அந்தப் பையை மடியில் வைத்திருந்தாள். வீட்டுத் தெரு திரும்பியதும், "மணி என்ன?" என்றாள்.

"மூணேகால்."

"நாலு மணிக்கு அவ கூப்பிடுவா."

மாடி வீட்டுக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். அம்மா அவரிடம், "அண்ணே, அஞ்சு மணி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க. யாரும் வீட்டுக்கு வந்து அழ வேணாம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்குள் மூன்று நாற்காலிகளும் போட்டபடியே இருந்தன. அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, மூன்றாவதைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"அம்மா, சொல்லிடலாம்மா" என்றான்.

"சொல்லிட்டு?"

"அவளுக்கும் அப்பாதானம்மா. தெரியாம சிரிச்சுப் பேசிட்டு வெச்சுட்டு, நாளைக்குத் தெரிஞ்சா நம்மள மன்னிப்பாளா?"

"மன்னிக்க வேணாம். நாப்பது நிமிஷம் ஆனதும் போன் அணைஞ்சு போயிடும். அப்புறம் அவ யார் மடியில போய் விழுவா? கூட இருக்கறதும் பத்தொம்பது வயசுப் பொண்ணு." அம்மாவின் குரல் உடையவில்லை, வறண்டிருந்தது. "ராத்திரி அந்த ஊர் சபைப் பொறுப்பாளர் ஐயாவுக்குப் போன் பண்ணு. விடிஞ்சதும் அவரும் அவர் வீட்டம்மாவும் நேர்ல போய்ச் சொல்லட்டும். கையப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்டா. நான் இன்னைக்கு உன்னப் பிடிச்சுக்கிட்டேன்ல?"

அவனுக்கு அது நினைவில்லை. பிடித்திருப்பாள்.

போனை எடுத்து ஸ்டாண்டில் வைக்கப் போனான்.

"அதுல வைக்காத. வெச்சா அப்பா எங்கன்னு கேப்பா."

"அப்புறம்?"

அம்மா மேசைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். "நீ பின்னாடி நின்னுக்கோ. உன்னக் கேட்டா, அவன் கடைக்குப் போயிட்டான்னு சொல்லிக்கறேன்."

சரியாக நான்கு மணிக்குப் போன் அடித்தது. அவன் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்தான். கறுக்காத தன் நகம் தெரிந்துவிடும் என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். அங்கிருந்து அவனுக்குத் திரை தெரியவில்லை. அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகம் சிரித்தது. அவ்வளவு நேரம் அந்தச் சிரிப்பு எங்கே இருந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"அம்மா! என்னம்மா கண்ணு வீங்கியிருக்கு?"

"தூக்கமில்லடி. நீ கூப்பிடுவேன்னு."

"நாலு மணிக்குக் கூப்பிடறதுக்கு ராத்திரியே முழிச்சிருப்பியா? தம்பி எங்க?"

"கடையில லீவு குடுக்கல."

"இன்னைக்குமா? நல்ல கடை! அவன் இல்லாதப்பதான் நிம்மதியாப் பேச முடியும்." அக்கா சிரித்தாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா?"

அம்மாவின் கண் போனுக்கு மேலே ஏறி அவனிடம் வந்தது. அவன் ஒரு முறை தட்டினான்.

"அங்கயேதான் நிக்கிறீங்களா! அம்மா, என்னமோ எழுதியிருந்த?"

"வெக்கப்படறார். விடு."

"சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா இன்னைக்குக் கட்டைவிரலைக்கூடக் காணோமே?"

அம்மா வேறு பேச்சை எடுத்தாள். அக்கா தன் அறையைப் பற்றியும், ஒழுகும் குழாயைப் பற்றியும், கதவைத் திறக்காமலேயே உள்ளிருந்து பத்து நிமிடம் சண்டை போட்ட ஒரு கிழவரைப் பற்றியும் சொன்னாள். "அப்படியே நம்ம அப்பா மாதிரிம்மா. கடைசில ஜன்னல் வழியா ஒரு டம்ளர் தண்ணி நீட்டினாரு." அம்மா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தது போலத்தான் இருந்தது. அவனுக்குக் கை வலித்தது.

"அம்மா, அப்பாவுக்குத் தோள் வலின்னு எழுதியிருந்தியே, இப்ப எப்படி? தம்பிகிட்டச் சொல்லு, சும்மா தைலம் தேச்சுக்கிட்டு இருக்க வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. மருந்துக்கடைல இருந்து என்ன பிரயோஜனம்?"

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, போன் ஆடுது. கை ஆடுதா உங்களுக்கு?"

அவன் முழங்கைகளை விலாவோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"வயசாகுதுல்லடி" என்றாள் அம்மா.

அக்கா தொண்டையைச் செருமினாள். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அப்பா, ஒண்ணு கேக்கறேன். என்மேல இன்னும் கோபமா?"

இதற்கு அவன் யோசிக்கவில்லை. இரண்டு முறை தட்டினான்.

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள் போலிருந்தது. "அப்ப, நாலு மாசம் கழிச்சு வருவேன்ல. ஸ்டேஷனுக்கு வருவீங்களா? அன்னைக்குத்தான் வரல."

அவன் விரல் அசையவில்லை. அம்மா அவனைப் பார்த்தாள். புன்னகை முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது.

"லைன் போயிடுச்சா? அப்பா?"

"இருக்கார், இருக்கார்" என்ற அம்மா, போனுக்கு மேலாக மகனைப் பார்த்துச் சொன்னாள்: "கேக்கறால்ல? தட்டுங்க."

அம்மா அவனை நீங்க என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

அவன் தட்டினான். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

"வரமாட்டீங்களா?" அக்கா குரலில் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்ப்பா?"

"வம்பு பண்றார்டி. வருவார்" என்றாள் அம்மா. "சரியாத் தட்டுங்க."

"விடும்மா, பரவால்ல. வீட்டு வாசல்லயாவது..."

நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது.

அவன் போனைக் கீழே இறக்கினான். அம்மா திட்டுவாள் என்று நின்றான். அவள் இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் தடவினாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் மதியம் சபையின் தனி அனுமதியோடு அக்கா கூப்பிட்டாள். உடல் வீட்டுக்கு வந்திருந்தது. பொறுப்பாளர் டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், அன்று மாலை ரயில் என்றும், அவள் வந்து சேரும்வரை அப்பாவை வைத்திருக்கும்படியும் முன்பே சொல்லியிருந்தார். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அவன் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, போனை ஸ்டாண்டில் சொருகினான். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. அசையவில்லை.

பதினான்கு மாதமாகிவிட்டதாலா, ஒரு ராத்திரியாலா, அக்காவின் முகம் இளைத்திருந்தது. யாரோ ஓர் அம்மாளின் கை அவள் தோளில் கிடந்தது.

"நேத்து தட்டினது நீதானே?"

"ஆமாக்கா."

"ஸ்டேஷனுக்குக் கேட்டதுக்கு ரெண்டு."

"ஆமா."

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். "கோபம் இல்லன்னு தட்டினதும் நீதான்."

"தட்டினது நான்தான். ஆனா அது அவரோடது. காலைல ஷேவ் பண்ணினாருக்கா. இந்த ஸ்டாண்டு அவர் செஞ்சதுதான். சேர் போட்டு உக்காந்து, தலை தெரியுதான்னு கேட்டாரு."

"தெரிஞ்சுதா?"

"முக்கால்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அனுமதித்த நேரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பின்பக்கம் போக, பின்வாசலோரத்து டைலை மிதித்தார்கள். டொக்.

அவள் நிமிர்ந்தாள்.

"அதை இன்னும் மாத்தலையா?"

"இல்லக்கா" என்றான். "அப்படியேதான் இருக்கு."